ஆன்மநாதரும் ஊனுணவும்

ஊனின் புரதமே உயர்ந்தது, மரக்கறி உடலை வளர்க்கமாட்டாது என்பார் பலர். அவர் கூற்றில் ஒரு பகுதி மெய்யே. உடல் தானே ஆக்கிக்கொள்ளவியலாத அமினோ அமிலங்கள் 9. அவை ஊனிலும் முட்டையிலும் பாலிலும் ஏற்ற அளவிற் பொருந்தியுள்ளன. எளிதிற் செரிப்பனவும் ஆம். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இதனை யாம் மறுக்கிலம். உண்மையை மறைத்தல் சைவர்க்கு அழகன்று.

அற்றேல் செய்வது யாதெனின், அரிசியின் குறையைப் பருப்பும், பருப்பின் குறையை அரிசியும் நிரப்பும். இட்டிலியும் வெண்பொங்கலும் இவ்விணைப்பே. மரக்கறியிற் கிட்டாத பி12 என்னும் உயிர்ச்சத்தைப் பாலும் தயிரும் உதவும். வறுஞ்சோறுண்டு மெலிதல் நோன்பாகாது. வினையை நுகர்ந்து கழித்தற்கு இறைவன் தந்த கருவியன்றோ இவ்வுடல்!

எனினும், நாம் ஊனை விலக்குதல் சத்தின் கணக்கால் அன்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில், மாணிக்கவாசகரை ஆட்கொண்ட பெருமான் ஆன்மநாதர் எனத் திருநாமம் பூண்டு, புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியையே நிவேதனமாக ஏற்றருளுகின்றார். மக்களின் ஆன்மாவுக்கு மட்டுமோ அவர் நாதர்? ஆட்டின் ஆன்மாவுக்கும் அவரே நாதர். நமக்குத் தந்தவாறே அதற்கும் உடலைத் தந்தவர் அவர். அக்கருவியைச் சிதைத்து நம் கருவியைப் பேணுதல் அருள்நெறியாமோ? ஊனே சத்தில் உயர்ந்ததெனத் துணியப்படினும் நம் விடை மாறாது. பருப்பும் பாலும் குறைவற உண்மின், கொலை தவிர்மின்.

திருச்சிற்றம்பலம்.