வர வேண்டாம் என்கிற அப்பா

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுக்காக நீ லீவு போட்டு வர வேண்டாம்." கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு, துபாயிலும் டல்லஸிலும் இருக்கும் பிள்ளைகளிடம் அப்பாக்கள் போனில் சொல்வது இதைத்தான். மாப்பிள்ளை துணைக்கு வருகிறார், ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் என்று காரணங்களும் தயாராக இருக்கும். சில வீடுகளில் எல்லாம் முடிந்து அப்பா வீடு திரும்பிய பிறகுதான் சேதியே கடல் தாண்டும். "வர வேண்டாம்" என்ற சொல்லை நம்பி வராமல் இருந்துவிட்ட பிள்ளை, தந்தை சொல் காத்தவரா, தந்தையைக் கைவிட்டவரா?

சட்டத்தைக் கேட்டுப் பயனில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்கிறது. மாதம் ₹10,000 வரை என்று அதற்கு ஓர் உச்சவரம்பும் வைத்தது. சீனா இன்னும் ஒரு படி மேலே போனது. பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி 2013 ஜூலை 1-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அன்றே வூஷி நகர நீதிமன்றம் ஒரு மகளுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தாயைப் போய்ப் பார்க்கும்படி உத்தரவிட்டது. ஆனால் இரண்டு நாட்டிலும் பெரும்பாலும் யாராவது புகார் கொடுத்தால்தானே சட்டம் அசையும். பாசமுள்ள அப்பா கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்க மாட்டார். பிள்ளையைப் பற்றி ஒருவர் குறையாகப் பேசினாலே அவருக்குப் பொறுக்காது. அவருக்கு வர வேண்டியது எந்தக் கோப்பிலும் ஏறாது.

பழைய கதைக்குப் போனால் சிக்கல் கூடுகிறது. வால்மீகியின் தசரதன், வரம் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு, தன்னைச் சிறைப்பிடித்துவிட்டு அரசை எடுத்துக்கொள் என்றே இராமனிடம் சொல்கிறான். போவதானால் ஓர் இரவாவது தங்கிப் போ என்று கெஞ்சுகிறான். தந்தையின் வாக்கு ஒரு பக்கம், தந்தையின் ஆசை மறுபக்கம். இராமன் வாக்கின் பக்கம் நின்றான். தசரதன் மகன் இல்லாத அரண்மனையில் செத்தான். ஆனால் அந்த வாக்கு கைகேயிக்குக் கொடுத்தது. அதைக் காத்ததில் இராமனுக்கு லாபம் ஒன்றுமில்லை, காடுதான் மிச்சம். "வர வேண்டாம்" என்பதைக் காப்பதில் மிச்சமாவது பிள்ளையின் விடுப்பும் டிக்கெட் பணமும். கீழ்ப்படிகிறவருக்கே ஆதாயம் என்றால் அந்தக் கீழ்ப்படிதலைக் கொஞ்சம் சந்தேகப்படத்தான் வேண்டும். அப்பா கட்டளை இடவில்லை, சலுகை கொடுக்கிறார். சலுகையை வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

இதை எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே குரலில் சொல்வது அநியாயம். ஏஜென்ட் கடன் தீராமல், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் விட்டுவிட்டு வளைகுடாவில் கட்டட வேலை செய்கிறவர் ஊருக்கு வராதது குற்றமாகாது. அமெரிக்காவில் விசா முத்திரை காலாவதியானவருக்கு, ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்ற பயம் நிஜமானது. ஆனால் "முடியாது" என்பதும் "தோதுப்படாது" என்பதும் வேறு வேறு. எது எது என்று அவரவருக்குத் தெரியும்.

பணம் அனுப்புவதைக் கேலி செய்யத் தேவையில்லை. மருந்து பணத்தில்தான் வருகிறது. கேள்வி வேறொரு இடத்தில் இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும், இரவில் எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துப் போவதும், உப்பில்லாத சாப்பாட்டுக்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உள்ளூரில் இருக்கும் மகளோ இளைய மருமகளோதான். வந்தவர்களிடம் அப்பா பெருமையாகப் பேசுவது என்னவோ சியாட்டிலில் இருக்கும் பெரியவனைப் பற்றி. அந்தப் பெரியவன் வீடியோ காலில் வந்து, "ஏன் இந்த டாக்டர்? வேற ஆளைப் பாத்திருக்கலாமே" என்று கேட்கும்போது, அப்பாவின் மேல் உள்ள அக்கறை அவரைச் சுமக்கிறவரின் தலையில் குட்டாக விழுகிறது. தொலைவிலிருந்து அப்பாவை மதிப்பதில் பாதி, பக்கத்தில் இருப்பவரை மதிப்பதுதான். அதில், கூடப் பிறந்தவர் பத்து நாள் எங்காவது போய்வரட்டும் என்று, தன் விடுப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பதும் சேரும். அப்பா அதையும் வேண்டாம் என்பார். அவரிடம் கேட்காமலே செய்யலாம்.

இன்னொன்று, அப்பாவைச் செலவுக் கணக்காகவே மாற்றிவிடாமல் இருப்பது. ஊர்க் கிணறு எந்தக் கோடையில் வற்றியது, தாத்தா நிலத்தின் வரப்புத் தகராறு எப்படி முடிந்தது என்று அவரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. சும்மா பேச்சுக்குக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடத்தில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று முடிகிற பேச்சில் அதற்கு இடமில்லை.

கடைசியில் ஒருநாள், பிள்ளை வந்து சேரும்வரை அப்பாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். இரண்டு நாள், சில சமயம் மூன்று. கொள்ளி வைக்க மூத்தவன் வர வேண்டும் என்று உறவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறது. டிக்கெட் எத்தனை விலையானாலும் வாங்கப்படுகிறது. கண் அறுவை சிகிச்சைக்குக் கேட்கத் தயங்கிய விடுப்பு, விமான நிலையம் போகும் வழியில் அனுப்பிய ஒற்றை மின்னஞ்சலில் கிடைத்துவிடுகிறது.