பிறர் இரகசியமும் நம் வாசிப்பும்

துப்பறியும் கதை பொழுதைக் கெடுக்கும். காதல் நவீனம் மனத்தைக் கெடுக்கும். பெரியோர் எழுதிய தன்வரலாறு ஒன்றே மனிதனைத் திருத்தும். இது என் தந்தையார் எங்கள் இல்லத்தில் வழங்கியிருந்த தீர்ப்பு. அறுபது வயதைக் கடந்த நான், கடந்த சில மாதங்களில் இம்மூவகை நூல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தேன். முடித்தபோது அத்தீர்ப்பை அப்படியே ஏற்க இயலவில்லை. மூன்றனுள்ளும் மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டியது தன்வரலாறே என்று இப்போது எண்ணுகிறேன்.

காரணம் இதுதான். இம்மூன்றும் செய்கின்ற வேலை ஒன்றே. ஒருவர் மூடி வைத்ததை மற்றவர்க்குத் திறந்து காட்டுகின்றன. கொலை செய்தவன் மறைத்ததைத் துப்பறிவோன் வெளியிடுகிறான். காதலர் நெஞ்சில் மறைந்ததை நவீன ஆசிரியர் வெளியிடுகிறார். தன்வரலாறு எழுதுபவரோ தம்முடைய வாழ்வையும், அதனோடு பின்னிக் கிடக்கும் பிறர் வாழ்வையும் சேர்த்தே வெளியிடுகிறார். முன்னிரண்டிலும் வருபவர்கள் கற்பனை மாந்தர். அவர்களுக்கு மானமுமில்லை, மக்களுமில்லை. மூன்றாவதில் வருபவர்களுக்கு இரண்டும் உண்டு.

இக்கேள்வி எனக்கு வெறும் இலக்கிய விசாரமன்று. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நெடுங்காலம் கணக்கெழுதிய என் தந்தையார், தம் இறுதி ஆண்டுகளில் ஒரு கணக்கு நோட்டில் தம் வாழ்க்கையை எழுதி வைத்துப் போனார். அதை அச்சிட்டுப் பேரன் பேத்திகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். பிழை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்நோட்டின் நான்கு பக்கங்கள் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டன. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் மர்மக் கதைகளை எடுத்துக்கொள்வோம். தமிழின் முதல் நவீனம் 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்தி லெவ்வை ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். எகிப்தில் உயர்குடியில் பிறந்த ஒரு குழந்தை களவாடப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தான் யாரென்று அறியாமலே வளர்கிறது. பின்னர் வந்த துப்பறியும் கதைகளின் திருப்பங்களையெல்லாம் அதில் எதிர்பார்க்கலாகாது. ஆயினும் அவற்றின் உயிர்நாடி அதில் இருக்கிறது: ஒரு மறைவு நீங்கினாலன்றி ஓர் அநீதி நீங்காது. அந்த இரகசியம் அதைத் திருடியவனுக்குச் சொந்தமன்று. அப்பிள்ளைக்கும் அவனைப் பெற்றோர்க்கும் சொந்தம். தமிழ்வாணனின் சங்கர்லாலை நம் இளமையில் மறைத்து வைத்துப் படித்தோமே, அங்கும் இதே நியாயந்தான்.

ஆனால் துருவிப் பார்ப்பதெல்லாம் நீதியாகிவிடுமா? இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் ஒரு நிகழ்ச்சியை எடுத்தெழுதுகிறார். கலீபா உமர் (ரலி) ஓரிரவு மதீனாவில் நகர்க்காவல் சென்றபோது, ஒரு வீட்டில் தகாத செயல் நடப்பதாக ஐயுற்றுச் சுவரேறி உள்ளே சென்றார். ஐயம் உண்மையாகவே இருந்தது. பிடிபட்டவரோ, தாம் செய்தது ஒரு தவறென்றும், கலீபா செய்தவை மூன்றென்றும் எடுத்துரைத்தார். பிறர் குறையைத் துருவியது ஒன்று. வாசல் இருக்கச் சுவரேறியது இரண்டு. அனுமதி கேட்டுச் சலாம் உரைக்காமல் நுழைந்தது மூன்று. கலீபா அதை ஒப்புக்கொண்டு, அவரை மன்னித்துத் திரும்பினார். கண்டது உண்மை என்பதனாலேயே காணும் உரிமை வந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அடுத்து, அன்பைச் சொல்லும் நவீனங்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட ‘காதலா கடமையா’ தலைப்பிலேயே கேள்வியை வைத்துவிட்டது. முஸ்லிம் பெண்ணொருத்தி நவீனம் எழுதுவதே வியப்பாயிருந்த அக்காலத்தில், உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். எங்கள் பக்கத்து நவீனமோ அதற்கும் மூத்தது. வத்தலகுண்டில் 1872இல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர், ‘விவேகசிந்தாமணி’ இதழில் 1893 முதல் தொடர்ந்து எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ அது. இல்லற அன்பின் கதையென்று அதைப் போற்றுகிறோம். ஆனால் ஆசிரியர் அதற்கு வைத்த மற்றொரு பெயரை மறந்துவிடுகிறோம்: ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. கமலாம்பாளைப் பற்றிய ஒரு பொய்ப்பழி ஊர்வாயில் புறப்பட்டுக் கணவர் முத்துஸ்வாமி ஐயரின் செவிக்கு எட்டுகிறது. அவர் வீட்டைத் துறந்து போய்விடுகிறார். கதவைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை. பார்த்ததாகப் பேசியவர் பலர். ஒரு குடும்பம் சிதைய அதுவே போதுமானதாயிருந்தது. இக்கதை மனத்தைக் கெடுக்கும் என்றால் நான் மறுப்பேன். நாவைக் காக்கக் கற்பிக்கும் நூல்களுள் இதையும் சேர்ப்பேன்.

இனித் தன்வரலாறு. அதே வத்தலகுண்டு தந்த பி.எஸ். ராமையாவின் ‘மணிக்கொடி காலம்’ 1982இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. 1933இல் தொடங்கிய ஓர் இதழையும் அதைச் சுற்றி நின்ற எழுத்தாளர்களையும் பற்றிய நினைவுகள் அவை. ராமையா அந்நூலை எழுதியபோது கு.ப.ரா. இல்லை, புதுமைப்பித்தன் இல்லை, வ.ரா. இல்லை. 1944, 1948, 1951 என ஒருவர்பின் ஒருவராக மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்பவர் சொல்வதே வரலாறாகிறது. மறைந்தவர் எழுந்து வந்து ‘அப்படியன்று’ என்று சொல்ல முடியாது. இது ராமையாவின் குறையன்று; நினைவு எழுதும் எவர்க்கும் உள்ள நிலை. எழுதுபவர் எவ்வளவு நேர்மையாளராயினும், மறுமொழி கூற இயலாதவர்களைக் குறித்தே அவர் பேசுகிறார்.

இமாம் கஸ்ஸாலியும் தன்வரலாறு எழுதினார். ‘அல்முன்கித்’ என்னும் அச்சிறு நூலில், ஏறத்தாழ இரண்டு மாதம் தாம் ஐயத்தில் உழன்றதையும், பக்தாதில் தாம் பாடம் சொல்லியதில் புகழாசை கலந்திருந்ததையும் ஒளிக்காமல் கூறுகிறார். அவர் திறந்தது தம் கதவை. தன்வரலாற்றில் ஐயமற்ற உரிமை அந்த ஒரு கதவுக்கே உண்டு.

அப்படியானால் பிறர் குறையை எழுதவே கூடாதா? இமாம் நவவி ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், பிறரைப் பற்றிப் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துத் தந்திருக்கிறார். அநீதிக்குள்ளானவர் முறையிடுவதும், தீமையை மாற்ற உதவி தேடுவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும், பிறரைத் தீங்கினின்று எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். கூர்ந்து நோக்கினால் இந்நான்கிலும் உண்மை ஒரு தேவையுடையவரை நோக்கிச் செல்கிறது. வெறும் செவியின்பத்துக்காகச் செல்வதில்லை.

இப்போது அந்த நான்கு பக்கங்களுக்கு வருகிறேன். சின்னாளப்பட்டிப் பக்கம் எங்கள் பாட்டனாருக்கு ஒரு சிறு தோட்டம் இருந்தது. அவர் மறைவுக்குப் பின் என் குப்பிக்கு, அதாவது தந்தையாரின் தமக்கைக்கு, உரிய பங்கைச் சிறிய தந்தையார் கொடுக்கவில்லை. கொடுத்தாகிவிட்டது என்று ஊரில் சொல்லப்பட்டது. உண்மை அறிந்திருந்தும் தாம் வாய் திறக்கவில்லை என்று தந்தையார் எழுதியிருந்தார். குப்பி இறக்கும்வரை பங்கைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பேராசைக்காரி என்று பெயரெடுத்தார். நாங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் பேசினோம்.

“மவுத்தானவர்களின் குறையை ஏன் கிளறுகிறாய் தம்பி? அந்தப் பக்கங்களை விட்டுவிடு” என்றார் என் தமக்கையார். அடுத்த தெருவில் சிறிய தந்தையாரின் மக்கள் மதிப்போடு வாழ்கிறார்கள். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆனால் நாங்கள் காக்க நினைத்த மானத்தின் விலையை வேறொருவரின் மானம் செலுத்திக் கொண்டிருந்தது. புறம்பேசலாகாது என்று மௌனம் காத்த குடும்பம், அந்த மௌனத்தாலேயே ஓர் அபவாதத்தை நாற்பதாண்டுக் காலம் வளர்த்து வந்திருக்கிறது.

நோட்டை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டையில் வாழும் குப்பியின் மகளிடம் சென்றேன். அவர் அந்தப் பக்கங்களை இருமுறை படித்தார். நெடுநேரம் பேசவில்லை. “அம்மா பொய் சொல்லவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும். சின்ன மாமாவின் பேர் அச்சில் வேண்டாம்” என்றார். எங்கள் கைக்கு வந்த பங்கிலிருந்து அவருக்குச் சேர வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன். சிறிய தந்தையாரின் மக்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அச்சாகும் நூலில் தந்தையாரின் ஒப்புதல் இருக்கும். குப்பியின் வாய்மையும் இருக்கும். தம்பியின் பெயர் இராது.

இது முழு உண்மையாகுமா என்று நேயர்கள் கேட்கலாம். என் சிறு அறிவுக்கு எட்டிய விடை இது: உண்மைக்கும் உரிமையாளர் உண்டு. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டோம். பூட்டைச் செய்யும் தொழிலாளி சாவியையும் தாமே செய்கிறார். ஆனால் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை, தெருவில் போவோர்க்கும் கொடுப்பதில்லை. வீட்டுக்குரியவரிடம் சேர்க்கிறார். எழுதுபவர் செய்ய வேண்டியதும் அதுவே. இனி ஒரு நூலைக் கையில் எடுக்கும்போது, இது எதைத் திறக்கிறது என்பதோடு, யாருக்காகத் திறக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். அக்கேள்வியோடு படித்தால் துப்பறியும் கதையும் நீதி நூலாகலாம். அக்கேள்வியின்றிப் படித்தால் பெரியோர் வரலாறும் திண்ணைப் பேச்சாகிவிடும்.