சிற்றுயிரும் சித்திரமும்

உள்ளங்கை அகலத் தாளில் கறுப்பு மையால் எழுதிய ஒரு வெட்டுக்கிளி. அதை ரசிப்பதனால் மனிதனுக்கு வரும் பயன் யாது? "பூச்சியை விரட்ட வழி தேடாமல், அதைப் படமாக்கிப் பார்ப்பதும் ஒரு வேலையா?" என்று கேட்பவர் நம்மில் பலர். கேள்வி நியாயமானதே. கொடுத்த காசுக்குச் சரக்கு என்னவென்று கேட்டே பழகியவர்கள் நாம். ஆகவே இதையும் நிறுத்துப் பார்ப்போம்.

நம் ஜொகூரில் சீன அன்பர்களின் கடைகளில் தொங்கும் நாட்காட்டிகளில் இவ்வகை மைச்சித்திரங்களைக் கண்டிருப்பீர்கள். இத்துறையில் பெரும் புகழ் பெற்றவர் சி பைஷி என்னும் ஓவியர். 1864-இல் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். இளமையில் தச்சு வேலை செய்து, மரத்தில் சித்திர வேலை செதுக்கிப் பிழைத்தவர். 1957-இல் மறைந்தார். இறால், தவளை, தும்பி, சில்வண்டு இவையே அவர் விரும்பி எழுதியவை.

அவருடைய படங்களில் இலையும் கொடியும் தூரிகையை நனைத்து ஒரே வீச்சில் இழுத்தவை போலிருக்கும். அவற்றின்மேல் அமர்ந்த பூச்சியோ அப்படியன்று. காலின் முள், மீசையின் வளைவு, சிறகின் நரம்பு ஒவ்வொன்றும் மயிரிழைக் கோடு. பெரியதைச் சுருக்கமாகவும் சிறியதை முழுமையாகவும் எழுதினார். உலக வழக்கம் இதற்கு நேர்மாறு. செல்வர் கடைக்கு வந்தால் நாற்காலி போடுகிறோம். ஒரு வெள்ளிக்கு உப்பு வாங்க வந்த மூதாட்டி நின்றுகொண்டே இருக்கிறாள். சிறியது என்பதற்காக நம் கவனத்தின் அளவைக் குறைப்பதும் எடையில் குறைப்பது போன்றதேயன்றோ?

1665-இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, உருப்பெருக்கியில் கண்ட தெள்ளுப்பூச்சியை ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு எழுதித் தம் நூலில் வெளியிட்டார். சொறிந்து நசுக்கிய பூச்சிக்கு இத்தனை நேர்த்தியான கவசமா என்று அன்றைய மக்கள் வியந்தனர்.

இனி மார்க்கத்தைப் பற்றிய ஐயம். உயிருள்ளவற்றை உருவமெழுதுவது குறித்து அறிஞர்கள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். அதில் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, கடைக்காரனின் வேலையன்று. ஆனால் படைப்பை உற்றுநோக்குவதை எவரும் தடுக்கவில்லை. தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரால் திருமறையில் மூன்று அத்தியாயங்கள் இருப்பதை மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான்.

ஆகவே ஒரு சித்திரத்தின் தரத்தை அறிய எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: அதைக் கண்டபின் உண்மையான பூச்சியைப் பார்க்கக் கண் நாடுகிறதா? நாடினால் அது நல்ல சித்திரம். அரிசியில் வண்டு விழுந்தால் புடைத்துத்தான் ஆக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை ஒரு தும்பியைக் காட்டி, "அத்தா, இங்கே பாருங்கள்" என்று அழைத்தால், "தூர எறி" என்னுமுன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள், சகோதரர்களே. அதற்கு முதல் எதுவும் வேண்டியதில்லை.