விருந்தும் மறுப்பும்

விருந்தோம்பலுக்குக் குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. விருந்தினன் மனம் எவ்வளவு எளிதில் வாடும் என்பதற்கு அனிச்சப் பூவைக் கொண்டுவருகிறது. ஆனால் விருந்தளிப்பவரின் முகம் வாடினால் என்ன செய்வது? ஆட்டிஸம் உள்ள என் மகனோடு வெளியூர் போகும்போதெல்லாம் எனக்கு எதிர்ப்படுவது அந்த முகம்தான்.

அவனுக்கு ஒன்பது வயது. வெள்ளைச் சோறு, புளிக்காத தயிர், பொரித்த அப்பளம், உடையாத மேரி பிஸ்கட், வேறெதுவும் இறங்காது. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓர் இரவு ரயில். அதற்கு அவன் தட்டையும் ஒரு சின்ன குக்கரையும் வீட்டு அரிசியையும் தூக்கிக்கொண்டு போகிறேன். எதிர் இருக்கைக்காரர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் மிளகாய்ப்பொடி வாசனைக்கு அவன் காதைப் பொத்திக்கொள்கிறான். மூக்கை அல்ல, காதை. புலன்களை ஐந்தாகப் பிரித்து வைத்திருப்பது நம் சௌகரியத்துக்குத்தானோ என்னவோ.

லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், வெளியிலிருந்து குழந்தைக்குள் முதலில் ஊடுருவுவது உணவு என்ற கருத்து வருகிறது. பெற்றோரிடம் வாஞ்சை குறைவு என்பதுபோல் அதே கட்டுரையில் அவர் சொன்னவை பின்னால் எத்தனையோ தாய்மார்களைப் பாடாய்ப்படுத்தின. இருந்தும் அந்த ‘ஊடுருவல்’ என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. நாம் ஊட்டுவது என்கிறோம். வாங்கிக்கொள்ளும் வாய்க்கு அது வேறாக இருக்கலாம்.

பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்பார்கள். எனக்கு இந்த வாக்கியம் வெறும் அறியாமையாகப் படவில்லை. நம் அறச்சிந்தனையின் நடுவிலேயே அது இருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபியானாலும் 1867இல் ராமலிங்கர் வடலூரில் தொடங்கிய தருமசாலையானாலும், பசித்தவன் கொடுத்ததை உண்பான் என்ற நம்பிக்கையின்மேல்தான் நிற்கின்றன. அது மகத்தான நம்பிக்கை. கோடிப் பேர் விஷயத்தில் உண்மையும்கூட. சோற்றுக்கு நடுவிலேயே பட்டினி கிடக்கக்கூடியவனுக்கு மட்டும் அதில் இடமில்லை. அவன் வீம்பு பிடிப்பவனாகிறான். அல்லது அவன் அப்பன் செல்லம் கொடுத்துக் கெடுத்தவனாகிறான். பசியைக் கொண்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: பசியைப் போக்குவதுதானே அறம் என்றீர்கள், அது எப்போது பிரம்பாயிற்று?

நாகர்கோவிலில் என் அத்தை, “ஒரு வாய் தின்னு மக்ளே” என்று அரை மணி நேரம் கெஞ்சினாள். மறுநாள் சோற்றுக்குள் பருப்பை மசித்து, மேலே தயிரை ஊற்றி மறைத்துக் கொடுத்துவிட்டாள். அன்புதான், சந்தேகமில்லை. முதல் கவளத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் மூன்று நாள் தயிர்ச்சோறும் இல்லை, பிஸ்கட்டும் தண்ணீரும்தான். அவனுக்குப் போனது ஒரு வேளைச் சாப்பாடு அல்ல. உலகத்தில் அவன் நம்பிக்கொண்டிருந்த நாலு பொருள்களில் ஒன்று போய்விட்டது. அத்தைக்கோ தன் கைச்சோற்றை ஒரு குழந்தை துப்பியது தாங்கவில்லை. இருவரில் யாருடைய காயம் பெரிது என்று என்னால் தராசில் வைக்க முடியும். அத்தையிடம் அதைச் சொல்லத்தான் முடியாது.

யந்திரம் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது என்று நாமெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த ஒரே அச்சுத்தான் இவனுக்கு அடைக்கலம். கைமணம் என்று நாம் கொண்டாடுவது, இன்று போல் நாளை இருக்காது என்பதற்கு இன்னொரு பெயர். பிஸ்கட் எந்த ஊரிலும் அதே வட்டம், அதே ஓட்டைகள், அதே மொறுமொறுப்பு. உறையின் நிறத்தைக் கம்பெனிக்காரர்கள் மாற்றிவிட்டால் மட்டும் சங்கடம். அதற்காகப் பழைய உறைகள் சிலவற்றைச் சேர்த்துவைத்து, புதிய பிஸ்கட்டை அதில் அடுக்கிக் கொடுக்கிறேன். அத்தை செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். உறை சொல்வதும் உள்ளே இருப்பதும் இங்கே ஒன்று என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.