மூலவரும் உற்சவரும்

ஹைதராபாத் கொண்டாப்பூர் தாவரவியல் பூங்காவில் மாலை நடை முடிந்தபின், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கும், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய பழைய மாணவருக்கும் நடந்ததாகக் கொள்க. ஐயம் என்னுடையது, நெடுநாள் என்னைப் படுத்தியது.

சீடன்: ஐயா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏ.எம்.பி.யில் படம் பார்த்துவிட்டு ஆபீஸ் கூட்டத்தோடு பிரியாணி சாப்பிடப் போனால் தவறாமல் ஒரு சண்டை வருகிறது. ஒருவன் 'உண்மைக் கதைடா, நெஞ்சு அடைச்சுப் போச்சு' என்பான். இன்னொருவன் போனை எடுத்து, 'இது நடக்கவே இல்லை, அதுவும் நடக்கவே இல்லை' என்று வாசிக்கத் தொடங்குவான். மூன்றாமவன் 'படத்தைப் படமாப் பாருங்கடா' என்று சொல்லிவிட்டு ராய்த்தாவை இழுத்துக்கொள்வான். யார் பக்கம் நியாயம்? நடந்ததை எவ்வளவு மாற்றலாம்?

குரு: மூவருமே அவசரக்காரர்கள். 'எவ்வளவு மாற்றினான்' என்று கேட்காதே, 'எதை மாற்றினான்' என்று கேள். நம் கோயில்களில் பொதுவாக மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. வீதிக்கு வருகிறவர் உற்சவர். அவருக்கு ஒரு நாள் கருட வாகனம், ஒரு நாள் குதிரை வாகனம். பிரம்மோற்சவத்தில் பெருமாளுக்கு மோகினி அலங்காரமே செய்து சேலை உடுத்திக் கொண்டு வருகிறார்கள். மூலவர் இப்படி இல்லையே என்று யாரும் பட்டரோடு சண்டைக்குப் போவதில்லை. நடந்தது மூலவர் என்று வைத்துக்கொள். படம் உற்சவர்.

சீடன்: அப்படியானால் எதையும் செய்யலாம் என்றாகிறதே! ஆர்.ஆர்.ஆர். படத்தில் அல்லூரி சீதாராம ராஜுவும் கொமரம் பீமும் தோளோடு தோள் சேர்த்து ஆடுகிறார்கள். அவர்கள் சந்தித்ததே இல்லையாமே?

குரு: சந்தித்ததாக எந்தச் சான்றும் இல்லை. ஆனால் இயக்குநர் ராஜமௌலி இதை மறைக்கவில்லை. இருவர் வாழ்க்கையிலும் இளமையில் பதிவில்லாத சில ஆண்டுகள் உண்டு, அந்த இடைவெளியில் இருவரும் சந்தித்திருந்தால் என்பதே தன் கற்பனை என்று படம் எடுக்கும்போதே சொல்லிவிட்டார். அது வாகனம். அதில் எனக்கு வருத்தமில்லை.

அதைவிடப் பெரிய மாற்றத்தைச் சொல்கிறேன், கேள். படத்தில் ராஜு ஆங்கிலேயரின் போலீஸ் அதிகாரி. நிஜத்தில் அவர் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கியவர். 1922 ஆகஸ்டில் சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிபேட்டை, ராஜவொம்மங்கி என்று அடுத்தடுத்த நாள்களில் மூன்று ஸ்டேஷன்களில் புகுந்து துப்பாக்கிகளை எடுத்துப் போனார். எடுத்ததை ஸ்டேஷன் நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் என்பார்கள். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மலைகள் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தன. காட்டை எரித்துப் பயிரிடும் மலைவாழ் மக்களின் 'போடு' சாகுபடியை நெரித்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம்; அவர்களை அடக்கப் படை அனுப்பியதும் நம் கோட்டையில் உட்கார்ந்திருந்த அரசுதான். 1924 மே 7ஆம் தேதி கொய்யூரில் அவரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். தமிழில் இதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம் என்பது வேறு சங்கதி.

இப்போது படத்தைப் பார். போலீசைத் தாக்கியவருக்கே போலீஸ் உடுப்பு. தலைகீழ்தானே? ஆனால் எதற்காக அந்த உடுப்பு? தன் ஊருக்குத் துப்பாக்கி கொண்டுபோக. துப்பாக்கி போலீசிடம் இருக்கிறது, அதை எடுத்து மக்கள் கையில் கொடுக்க வேண்டும். வரலாற்று ராஜு கதவை உடைத்துப் போனார், சினிமா ராஜு வேலைக்குச் சேர்ந்து போனார். அலங்காரம் மோகினி, உள்ளே இருப்பவர் பெருமாளேதான். இந்த மாற்றத்தை நான் ஏற்கிறேன்.

சீடன்: பீம் விஷயத்திலும் அப்படித்தானே ஐயா? அவர் நிஜாமை எதிர்த்தவர். படத்தில் டெல்லிக்குப் போய் வெள்ளைக்காரனோடு மோதுகிறார்.

குரு: பலர் அதைத்தான் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். பீம் கோண்டுப் பழங்குடி. ஆசிஃபாபாத் காடுகளில் நிஜாம் அரசின் வனத்துறையையும் வரி வசூலையும் எதிர்த்து நின்றவர். 1940இல் ஜோடேகாட்டில் அவரைக் கொன்றது நிஜாமின் போலீஸ். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கொண்டாப்பூரும் 1948 செப்டம்பர் வரை அதே நிஜாம் ராஜ்ஜியம். படத்திலோ நிஜாமின் ஆள் ஒருவர் வந்து, 'கோண்டுகளைத் தொட்டால் ஆபத்து' என்று வெள்ளைக்காரனை எச்சரித்துவிட்டுப் போகிறார். இருந்தாலும் கதை நடப்பது 1920களில்; நிஜாமோடு நடந்த போர் பின்னால் வந்தது. அந்தச் சலுகையையும் தந்துவிடலாம்.

தர முடியாதது கடைசியில் வருகிறது. எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறார்கள். 'உனக்கு என்ன வேண்டும்?' என்கிறார் ராஜு. 'படிப்பு' என்கிறார் பீம். உடனே ராஜு கொடியில் எழுதிக் கொடுக்கிறார்: ஜல், ஜங்கல், ஜமீன். நீர், காடு, நிலம். அது யாருடைய முழக்கம்? பீமினுடையது. இன்றைக்கும் ஆதிவாசிகள் மண்ணுரிமைக்காகத் திரளும் இடங்களில் அவர் பெயரோடு சேர்த்தே ஒலிக்கிற முழக்கம். முன்னாள் ஆண்டுகளை மட்டும்தான் தொடுகிறேன் என்று சொல்லி நிஜாமிடமிருந்து தப்பித்துக்கொண்ட படம், பின்னாள் முழக்கத்தை மட்டும் முன்னே இழுத்துவந்து வேறொருவர் கையில் கொடுக்கிறது. காட்டுக்காரன் கேட்கிறான், படித்தவன் அருள்கிறான் என்றாகிவிட்டது. நிஜ பீம் ஓர் அச்சகக்காரரிடம் எழுதப் படிக்கக் கற்றார், அசாம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று ஒரு வழக்கு உண்டு, அதைக்கூட விட்டுவிடு. ஒரு சாமிக்கு வந்த மாலையைக் கழற்றி இன்னொரு சாமிக்குப் போட்டாயிற்று. எந்த ஆகமத்திலும் இதற்கு இடமில்லை.

ஆகவே என் அளவுகோல் இது. யாருக்கு யார் தீங்கு செய்தார்கள், யார் எழுந்து நின்றார்கள், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள். இந்த மூன்றும் மூலவர். மாற்றத்துக்குப் பிறகு இந்தக் கணக்கில் ஒருவருக்கு வரவேண்டியது இன்னொருவருக்குப் போயிருந்தால் படம் பொய். இல்லையென்றால் ஆடட்டும், பாடட்டும், புலியோடு குதிக்கட்டும்.

சீடன்: ஆனால் ஐயா, இது கற்பனை என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டுவிடுகிறார்களே...

குரு: பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உள்ளே வருவதற்குள் அது போய்விடுகிறது. அதை விடு.

சீடன்: வரலாறு வேண்டுமென்றால் புத்தகம் படிக்கட்டும் என்கிறார்களே?

குரு: மூலவரைப் பார்க்கக் கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகத்தானே உற்சவரே வீதிக்கு வருகிறார்! அடுத்தது கேள்.

சீடன்: ஜெய் பீம்?

குரு: 2021இல் வந்தது. 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் பிடியில் செத்த ராசாகண்ணுவின் கதை. வழக்காடிய சந்துரு, பின்னாளில் நீதிபதி, சொந்தப் பெயரோடு வருகிறார்; ராசாகண்ணு பெயரும் அப்படியே. ஆனால் ராசாகண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளர் ஆக்கியது. இருளர்களும் அதே அடியை வாங்குகிறவர்கள்தான், பல பேர் கதையை ஒன்றாக்கினோம் என்று சொல்ல வழியுண்டு. நல்ல படம், மனசாட்சியோடு எடுத்த படம், அழுதுதான் பார்த்தேன். ஆனாலும் என் கணக்குப்படி இடிக்கிறது. குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் தூக்கிப்போகிற சமூகம் குறவர். அவர்கள் கொடுத்த விலையை அவர்கள் பெயரில்தான் எழுத வேண்டும். வில்லன் வீட்டுக் காலண்டரில் இருந்த சாதிச் சின்னத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் கத்தியது, அதை மாற்றியும் விட்டார்கள். குறவர்கள் கேட்ட கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

சீடன்: சூரரைப் போற்று? அமரன்?

குரு: முன்னதில் நிஜ நாயகரான கோபிநாத்தின் பெயரே இல்லை. கோரூர்க்காரரின் கதை சோழவந்தான் மாறனுக்குப் போயிற்று. பெயரை மாற்றிவிட்டால் அது வேறு கோயில், வேறு திருவிழா. அமரனில் ராணுவ அதிகாரி முகுந்தின் சாதியைக் காட்டவில்லை என்று சண்டை. குடும்பத்தார் விரும்பியபடி செய்தோம் என்றார் இயக்குநர். 2014 ஏப்ரலில் ஷோபியானில் அவர் செத்ததை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லையே? பிறகென்ன.

சீடன்: ஐயம் தீர்ந்தது ஐயா. ஒன்றே ஒன்று. அந்தக் கொடிக் காட்சியை நீங்கள் எடுத்திருந்தால்?

குரு: பீமை எழுதத் தெரியாதவராகக் காட்டியாயிற்று என்றால் அப்படியே இருக்கட்டும். ராஜு கொடியை விரித்து வைத்துக்கொண்டு 'என்ன எழுத?' என்று கேட்டிருக்கலாம். பீம் மூன்று வார்த்தை சொல்லியிருப்பார், ராஜு எழுதியிருப்பார். செலவும் கிடையாது, கிராபிக்ஸும் வேண்டாம்.