அஞ்சு நிமிஷ வேண்டுதல்
புரோபோ ஆப் ஞாபகம் இருக்கா? "இத்தனை மணிக்கு பிட்காயின் இந்த விலைக்கு மேல இருக்குமா?" 'ஆம்' 6 ரூபாய் என்றால் 'இல்லை' 4. சரியாகச் சொன்னவருக்கு 10, அதிலும் கமிஷன் பிடிப்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சட்டம் போட்டதும் அந்தப் பண ஆட்டம் நின்றது. ஆனா நம்ம செம்மங்குப்பம் பசங்க சிலர் இப்போ வெளிநாட்டுத் தளம் தேடுறாங்க. "முருகா, அஞ்சு நிமிஷத்துல ஏறணும்"னு வேண்டுதல் வேற! (எதிரே ஆடுறது புரோகிராமாகவும் இருக்கலாம், சாப்ட்வேர்காரன் சொல்றேன்.) மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுறோம், அது நம் குறையைச் சொல்ல. இங்கே நாம ஜெயிக்க இன்னொரு வீட்டுப் பிள்ளை தோற்கணும். அவனும் "முருகா, இறங்கணும்"னு அழுதா, அப்பன் யாரைக் கைவிடுவான்?

வேலும் மயிலும் துணை.