பட்டையும் பரம்பரையும்

“நீ யாரிடம் கற்றாய்?”

எளிய கேள்விதான். கற்க விழைபவன் கேட்டால் அது விழிப்பு. வாயிற்படியில் நின்று வழிமறிப்பவன் கேட்டால் அது ஆணவம். ஏகலைவனிடம் இக்கேள்வி கேட்கப்பட்டதாகக் கதை சொல்கிறது. அவன் மறைக்காமல் விடையளித்தான், கட்டைவிரலை இழந்தான். அவனுடைய குறி தவறியதா என்று எவரும் கேட்கவில்லை!

அப்படியானால் அக்கேள்வியைக் கேட்பதே குற்றமா? கேட்கலாம் எனில், எதுவரை கேட்கலாம்? இதனை ஆராய நாம் மேடையை விட்டு மற்போர்க் களத்துக்குச் செல்வோம். மேடையிலே சொல்லால் மறைத்துவிடக் கூடியது, களத்திலே மறையாது.

பிரேசில் நாட்டிலே வளர்ந்து இன்று உலகெங்கும் பரவியுள்ள ஜியு-ஜிட்சு என்னும் கலை, தரையிலே நடக்கும் போர். குத்து இல்லை, உதை இல்லை. எதிரியை வீழ்த்தி, மூட்டைப் பூட்டி, கழுத்தை நெருக்கிப் பணியவைப்பதே நோக்கம். தாங்க இயலாதவன் கையால் இருமுறை தட்டினால் போதும். பிடி உடனே விடப்படும். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு எனப் பட்டைகள் படிப்படியாக உயரும். கறுப்பை எட்டப் பத்தாண்டுகள் உழைப்போர் பலர்.

பட்டையைக் கட்டிவிடுபவர் ஆசிரியர். அவருக்குக் கட்டியவர் அவருடைய ஆசிரியர். இப்படியே பின்னோக்கிச் சென்று மூலவரை எட்டும் வரிசையை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பயிற்சிக்கூடச் சுவரிலே முன்னோர் படங்கள். அவற்றை நோக்கித் தலைவணக்கம். நம் ஊர் மடங்களின் குருபரம்பரை நினைவுக்கு வருகிறதா? நமக்கும் வந்தது!

ஆயினும் அவசரப்பட்டு எள்ளி நகையாட வேண்டாம். கடையிலே பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு, கற்காததைக் கற்றதாகச் சொல்லிக் காசு பறிப்போர் எங்கும் உண்டு. அவர்களிடம் ஏமாறாதிருக்க, “யாரிடம் கற்றாய்?” என்று கேட்பது அறிவுடைமையே. பரம்பரையைக் கேட்பது முகவரி கேட்பது போன்றது. போய் விசாரிக்க முகவரி உதவும். ஆனால் முகவரியையே வீடென்று எண்ணிக் குடியிருக்க முடியுமா?

இவ்வரிசையின் தலையூற்றைப் பாருங்கள். ஜப்பானில் பழைய மற்போர்ப் பள்ளிகள் தம் நுட்பங்களைச் சுருள்களில் எழுதி, தேர்ந்தெடுத்த சிலருக்கே அளித்தன. அத்தகைய பள்ளிகளில் பயின்றவர்தாம் ஜிகோரோ கானோ. ஆனால் அவர் 1882இல் டோக்கியோவில், ஒரு கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறு இடத்தில் கோடோகன் பள்ளியைத் தொடங்கியபோது, வேறு வழி கண்டார். பேரிடர் தரும் அடிகளை விலக்கி, எஞ்சியவற்றை, விட்டுக்கொடுக்காத எதிரியிடம் நாள்தோறும் முழு வலிமையுடன் சோதித்துப் பார்க்கும் பயிற்சியை முதன்மையாக்கினார். ‘ஆசான் சொன்னார்’ என்பது போய், ‘செய்து பார்த்தோம்’ என்பது வந்தது. அதுவே ஜூடோ. பரம்பரையின் மூலவர் என்று வணங்கப்படுபவர், பரம்பரையின் பூட்டை உடைத்தவர்!

கானோவின் பள்ளியிலே பயின்ற மிட்சுயோ மாயெதா, பல நாடுகளில் மற்போரிட்டபின் 1914இல் பிரேசிலை அடைந்து, பெலெம் நகரில் வாழ்ந்து, 1941இல் அங்கேயே மறைந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், அவர் தம்பி எலியோவும் ரியோ நகரிலே புகழ் பெற்றனர். ‘கானோ, மாயெதா, கார்லோஸ், எலியோ’ – சுவர்ப்படங்களின் வழக்கமான வரிசை இதுவே.

ஆனால் மாயெதாவின் வழி ஒன்றல்ல. லூயிஸ் பிரான்சா என்பவர் வழியாக அக்கலை ஒஸ்வால்டோ ஃபாடாவை அடைந்தது. கிரேசி கூடத்துக்கு வசதி படைத்தோர் வந்தனர். ஃபாடாவோ ரியோவின் புறநகரிலே, கட்டணம் செலுத்த வழியற்றோருக்கும் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் கால்பூட்டில் வல்லவர்கள். ‘அது புறநகரத்தான் வித்தை’ என்று ஏளனம் பேசினார்கள், உயர்ந்த கூடத்தைச் சேர்ந்தவர்கள். சேரி என்றும் பட்டிக்காடு என்றும் நாம் கேட்டுப் பழகிய ஏளனம், வேறு மொழியில்! 1950களில் ஃபாடா அறைகூவல் விடுத்தார். இரு கூடத்தாரும் மோதினர். வென்றவர்கள் ஃபாடாவின் மாணவர்கள். வெல்வித்தது அந்தக் கால்பூட்டு. எலும்பு மூட்டுக்கு நகரமும் புறநகரமும் தெரியுமா?

எலியோவுக்கும் உரிய மதிப்பைத் தருவோம். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாகிகோ கிமுராவுடன் அவர் மோதினார். கிமுரா அவருடைய கையை முதுகுப்புறம் முறுக்கிப் பூட்டினார். எலும்பு முறிந்தது, எலியோ தட்டவில்லை, அவர் தரப்பினர்தாம் துண்டை எறிந்து போரை நிறுத்தினர். தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? ‘கிரகம் சரியில்லை’ என்றார்களா? இல்லை. தம்மை முறித்த அந்தப் பூட்டையே கற்றார்கள், கற்பித்தார்கள், அதற்குக் ‘கிமுரா’ என்று வென்றவர் பெயரையே சூட்டினார்கள். இன்றும் உலகெங்கும் அதன் பெயர் அதுதான். சுவரில் மாட்டிய படங்கள் அனைத்தையும்விட இந்த ஒரு பெயர் நமக்குப் பெரிதாகப் படுகிறது. உண்மையை எதிரியிடமிருந்தும் ஏற்கும் நெஞ்சம் அதிலே தெரிகிறது.

அதே நெஞ்சம் எங்கும் இருந்ததா? கெய்கோ ஃபுகுதா என்னும் பெண்மணியின் வாழ்வைக் கேளுங்கள். கானோவுக்கே மற்போர் கற்பித்த ஆசானின் பேத்தி; கானோவே அழைத்துக் கற்பித்த மாணவி. இதைவிட உயர்ந்த பரம்பரை எங்கே கிடைக்கும்? 1953இல் ஐந்தாம் படி பெற்றார். அத்துடன் நின்றது! பெண்ணுக்கு அதற்குமேல் படி இல்லை என்பது கோடோகனின் விதி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே நிறுத்தப்பட்டார். கடிதங்கள் குவிந்து கண்டனம் எழுந்தபின், 1972இல் ஆறாம் படி வந்தது. ஒன்பதாம் படியைக் கோடோகன் 2006இல் அளித்தது. அமெரிக்க ஜூடோ அமைப்பு 2011இல் பத்தாம் படி அளித்தபோது அவருக்கு 98 வயது!

பரம்பரை பேசுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்? தமக்கு வேண்டியபோது ‘வழிவழி வந்தவர்’ என்பார்கள். வேண்டாதபோது ‘பெண்தானே’ என்பார்கள். திறமையை அளக்கவா அந்தக் கோல்? இல்லை, கதவை அடைக்க!

இவ்வளவு பேசும் நாம், நம் பெருமையையும் அதே களத்தில் இறக்க வேண்டாமா? ஜியு-ஜிட்சு இந்தியப் பௌத்தத் துறவிகளிடம் பிறந்தது என்றொரு கதை பிரேசிலியக் கூடங்களில் வழங்குகிறது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனத்து ஷாவோலின் மடத்திலே போர்க்கலை கற்பித்தார் என்ற கதையோ, நமக்கு இனிக்க இனிக்கச் சொல்லப்படுகிறது. 2011இல் திரைப்படமாகவும் வந்தது. ஆனால் அவர் போர்க்கலை கற்பித்ததற்கு அவர் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை. அக்கதைக்கு வேராக அமைந்த சீன நூல், அவருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 17ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. பிறருடைய புராணத்தைப் புரட்டென்று சொல்லிவிட்டு, நம்மைப் புகழும் புராணத்தை மட்டும் வரலாறென்று வைத்துக்கொள்வது பகுத்தறிவாகாது. கசக்கிறதா? கசக்கட்டும்!

இன்னும் அருகே வருவோம். அங்கே கறுப்புப் பட்டை. இங்கே கறுப்புச் சட்டை. நம் மன்றங்களின் சுவர்களிலும் படங்கள் உண்டு. ஈரோட்டு வழியில் வந்தோம் என்கிறோம். சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும். ஆனால் “நான் இன்னாரின் நேர் மாணவன்” என்ற ஒரே சொல்லால், கேள்வி கேட்கும் இளைஞனின் வாயை அடைப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? நாற்பது ஆண்டு மேடைப் பழக்கம் உடையவர், தம் மகள் வேறு சாதி இளைஞனை விரும்பினாள் என்றதும், உறவு முறை தேடிப் புறப்பட்டதை நாம் கண்டதில்லையா? அவருடைய பரம்பரையிலே குறையில்லை, களத்திலேதான் தோற்றார். பிறப்பால் உயர்வில்லை என்று முழங்கிய நாம், பயிற்றுவித்தவரால் உயர்வு என்று புதிய சாதி ஒன்றைப் படைக்கலாமா?

ஆசிரியருக்கு நன்றி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல பயிற்சிக்கூடத்திலே, தலைநரைத்த ஆசிரியர் தம் மாணவனுடன் பாயில் இறங்குகிறார். ஒருநாள் மாணவனின் பிடி இறுகுகிறது. ஆசிரியர் தட்டுகிறார், எழுந்து புன்னகையுடன் கை குலுக்குகிறார். தாம் கற்பித்தது பலித்தது என்பதை அவர் அறிவார். அவரை வென்றவன் அவருக்குச் செலுத்திய நன்றி அதுவே.

தோழர்களே! “யாரிடம் கற்றாய்?” என்று கேளுங்கள், ஏமாறாதிருக்கக் கேளுங்கள். விடை கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். “வா, களத்தில் பார்ப்போம்” என்று அடுத்ததையும் சொல்லுங்கள். அதே அழைப்பு உங்களைவிட இளையவனிடமிருந்து உங்களுக்கு வரும் நாளில், பட்டையைக் காட்டித் தப்ப முயலாமல் பாயில் இறங்குங்கள்.